முன்பாரம் தெரிந்த மனிதர்: வாலி பையம்

கண்டரமாணிக்கத்துப் பக்கம் கட்டை வண்டி ஓட்டின பெரியவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா, அடுத்த லீவுல ஊருக்குப் போறப்ப அவர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க. வண்டியில மூட்டையை எப்படி ஏத்தணும்? அவ்வளவுதான் கேள்வி.

பதில்ல ரெண்டு வார்த்தை கட்டாயம் வரும். முன்பாரம், பின்பாரம். பின்னால பாரம் கூடிப் போச்சுன்னா ஏர்க்கால் மேலே தூக்கும். நுகத்தடி மாட்டோட கழுத்தை விட்டு எழும்பி, பூட்டாங்கயிறு குரல்வளையை இறுக்கும். முன்னால ரொம்பக் கூடினா மாட்டுக் கழுத்து தாங்காது, பள்ளம் வந்தா மண்டி போட்டுடும். அளவா ஒரு முன்பாரம் இருந்தா வண்டி மாட்டுக்குப் பின்னால சொன்ன பேச்சு கேட்டு வரும். தராசு இல்லாம, ஏர்க்காலைக் கையால தூக்கிப் பார்த்தே அந்த அளவைச் சொல்லிடுவாங்க.

இந்த இதழ்ல நாம பார்க்கப் போறவர் அந்த அளவை வச்சே ஒரு வாழ்க்கை வாழ்ந்தவர். காருக்குப் பின்னால ஒரு முழு வீட்டையே கட்டி இழுத்துக்கிட்டு, கேப் டவுன்ல இருந்து கெய்ரோ வரைக்கும் போனவர். பேர் வாலி பையம். வேகமா சொன்னா "பயம்"னுதான் காதுல விழும். சிரிச்சுக்கோங்க, ஆனா ஞாபகம் வச்சுக்கோங்க.

கழுதை வண்டியில் ஒரு பையன்

1896 ஜூலை 4. அமெரிக்காவோட ஓரிகன் மாநிலத்துல பேக்கர் சிட்டிங்கிற ஊர். அங்கதான் வாலஸ் மெர்ல் பையம் பிறந்தார். சின்ன வயசுலயே அப்பா அம்மா பிரிஞ்சுட்டாங்க. பதின்ம வயசுல ஆடு மேய்க்கப் போனார். நம்ம ஊர்க் கிடைக்காரங்க மாதிரி, ஆடு போற இடத்துக்கெல்லாம் கூடவே போற வேலை.

அப்போ அவருக்கு வீடு எது தெரியுமா? கழுதை இழுக்கிற ரெண்டு சக்கர வண்டி. உள்ளே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு வாளி, படுக்க ஒரு விரிப்பு. அவ்வளவுதான் சொத்து. ராத்திரி மலைச் சரிவுல காத்து அடிக்கும்போது, அந்த வண்டிக்குள்ள படுத்திருந்த பையனுக்கு எந்தப் பக்கம் சாமான் வச்சா வண்டி ஆடாம நிக்கும்னு யாரும் பாடம் எடுத்திருக்க வேண்டியதில்ல.

அப்புறம் கப்பல்ல வேலை. அதுக்கு அப்புறம் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துல வரலாற்றுப் படிப்பு. கவனிங்க, மெக்கானிக்கல் படிக்கல. படிச்சு முடிச்சு லாஸ் ஏஞ்சல்ஸ்ல விளம்பரம் எழுதினார், பத்திரிகைகள் நடத்தினார். இதுவரைக்கும் பார்த்தா வண்டிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்ல.

தப்பா வந்த வரைபடம்

1920-களோட கடைசி. கார் வாங்கினவங்க எல்லாம் ஊர் சுத்தக் கிளம்பின காலம். பையம் நடத்தின பத்திரிகை ஒண்ணுல, வீட்டுலயே டிரைலர் செய்யுறது எப்படின்னு இன்னொருத்தர் எழுதின கட்டுரை வந்துச்சு. அதை நம்பி வேலையில இறங்கின வாசகர்கள்கிட்ட இருந்து புகார் குவிஞ்சுது. வரைபடத்துல சொன்னபடி செஞ்சா வண்டி சரியா வரல.

இந்த இடத்துல நாமளா இருந்தா என்ன பண்ணுவோம்? அடுத்த இதழ்ல ஒரு மூலையில வருத்தம் தெரிவிச்சுட்டு நகர்ந்துடுவோம். பையம் தானே ஒரு வண்டி செஞ்சு பார்க்க உட்கார்ந்தார்.

முதல் முயற்சி மாடல் டி ஃபோர்டு காரோட சேஸிஸ் மேல ஒரு கூடாரம். ஒவ்வொரு இடத்துலயும் பிரிச்சுக் கட்டணும். மழை வந்தா இன்னும் பாடு. மனைவி மரியனுக்கு அது பிடிக்கவே இல்ல. சமையலறை இல்லாத பயணம் என்ன பயணம்? அடுத்ததா கண்ணீர்த்துளி வடிவத்துல ஒரு மரக்கூண்டு கட்டி, உள்ளே அடுப்பும் ஐஸ் பெட்டியும் வச்சார். போற வழியெல்லாம் ஜனங்க நின்னு பார்த்தாங்க. இது எப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டாங்க. அவர் அதையே எழுதினார், வரைபடத்தையும் விலைக்கு வித்தார். இந்தத் தடவை வரைபடம் செஞ்சு பார்த்த வரைபடம். வீட்டுக் கொல்லைப்புறத்துல அக்கம்பக்கத்தாருக்கு வண்டி கட்டிக் கொடுக்க ஆரம்பிச்சது, 1931-ல ஒரு கம்பெனியா மாறுச்சு. அதுதான் ஏர்ஸ்ட்ரீம்.

அந்த ஆரம்ப நாள்லயே அவர் செஞ்ச ஒரு மாற்றத்தை இன்ஜினியரிங் கண்ணோட பாருங்க. உள்ளே ஆள் நிமிர்ந்து நிக்கணும். அதுக்குக் கூரையை மட்டும் உயர்த்தினா வண்டி கோபுரம் மாதிரி ஆகிடும், காத்துக்குத் தோது. அவர் தரையையும் ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல கீழே இறக்கினார். நிக்க இடம் கிடைச்சுது, எடையும் தாழ்வா உட்கார்ந்துச்சு.

விமானம் கட்டினவர் காட்டின வழி

அதே காலத்துல ஹாலி பவுலஸ்னு ஒருத்தர் இருந்தார். கிளைடர் விமானம் கட்டுறவர். 1927-ல லிண்ட்பர்க் தனியாளா அட்லாண்டிக் கடலைத் தாண்டின ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் விமானத்தைக் கட்டின பட்டறையில மேற்பார்வையாளரா இருந்தவர். அவர் 1934-ல விமான உடம்பு மாதிரியே அலுமினியத் தகட்டை ரிவிட் அடிச்சு ஒரு டிரைலர் செஞ்சார். ரோடு சீஃப்னு பேர். அழகான வண்டி, ஆனா வியாபாரம் நிலைக்கல. கதவு வேற வண்டியோட மூக்குல, இழுக்கிற கம்பிக்கு நேர் மேல இருந்துச்சு.

பையம் அந்த வடிவத்தை எடுத்து, கதவைப் பக்கவாட்டுக்கு மாத்தி, 1936-ல ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரைக் கொண்டு வந்தார். விலை 1,200 டாலர். நாலு பேர் தூங்கலாம், தண்ணித் தொட்டி, சமையல் இடம், மின்விளக்கு எல்லாம் உண்டு. பேர் கூட அந்தக் காலத்துப் பான் ஆம் கிளிப்பர் விமானத்துல இருந்து வந்ததுதான். அப்போ அமெரிக்காவுல டிரைலர் கட்டின கம்பெனிகள் நூத்துக்கணக்குல இருந்துச்சு. பொருளாதார மந்தத்தையும் அடுத்து வந்த போரையும் தாண்டி நின்னது வெகு சிலதுதான்.

உண்மையில ஏர்ஸ்ட்ரீமும் போர்ல மூடத்தான் வேண்டியிருந்துச்சு. அலுமினியம் முழுக்க விமானத்துக்குப் போயிடுச்சு. பையம் கடையைப் பூட்டிட்டு விமானத் தொழிற்சாலையிலயே வேலைக்குப் போனார். ஒரு முதலாளிக்கு இது சறுக்கல்தான். ஆனா காத்தைக் கிழிச்சுப் போற உடம்பை எப்படிக் கட்டுறாங்கன்னு பக்கத்துல நின்னு பார்க்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

காத்து என்ன பண்ணும்?

கதையைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஒரு கணக்குப் போடுவோம். வழவழப்பான வடிவம் முன்னால இருந்து வர்ற காத்துக்குத்தான் ரொம்ப உதவும். பக்கவாட்டுல அடிக்கிற காத்துக்கு, எவ்வளவு அழகான டிரைலரா இருந்தாலும் அது ஒரு சுவர்.

7 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம்னு வச்சுக்கோங்க. பரப்பு 17.5 சதுர மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்துல பக்கக் காத்து அடிச்சா, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்ச அரை ரோ வி-ஸ்கொயர் படி சுமார் 300 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. காத்து 90 ஆனா? ஒன்றரை மடங்கு இல்ல, அதோட வர்க்கம். ஏறக்குறைய 670 கிலோ. 110-ஐத் தொட்டா ஆயிரம் கிலோ. அந்தத் தள்ளு தரையில இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல விழுது, சக்கர இடைவெளி ரெண்டு மீட்டர்னு எடுத்தா, 1,500 கிலோ வண்டி அங்கேயே கவிழுற எல்லைக்கு வந்துடும். 2018 நவம்பர்ல கஜா புயலுக்கு அப்புறம் புதுக்கோட்டைப் பக்கம் வேரோட சாய்ஞ்சு கிடந்த மரங்களைப் பார்த்தவங்களுக்கு இந்த எண் புரியும்.

ஆனா பெரும்பாலான விபத்துக்கு அவ்வளவு காத்து தேவையில்ல. டிரைலர் ஒரே ஒரு கொக்கியில தொங்குற ஊசல் மாதிரி. ஒரு லாரி முந்திப் போகும்போது முதல்ல காத்து வெளியே தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். டிரைலர் வால் ஒரு ஆட்டம் ஆடும். எடை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால இருந்தா அந்த ஆட்டம் ரெண்டு மூணு அசைவுல அடங்கிடும். எடை பின்னால இருந்தா ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதை விடப் பெருசாகும். வேகம் கூடக் கூட அடங்குற தன்மை குறைஞ்சுக்கிட்டே வரும். ஒரு வேகத்துக்கு மேல அது அடங்கவே அடங்காது. கடைசியில வாலே தலையை ஆட்டிடும், காரும் சேர்ந்து போயிடும்.

அதனாலதான் டிரைலரோட மொத்த எடையில 10-ல இருந்து 15 சதவீதம் கொக்கி மேல உட்காரணும்னு சொல்றாங்க. இப்போ கட்டை வண்டிப் பெரியவர் சொன்னது ஞாபகம் வருதா? அளவான முன்பாரம். அவர் கையால தூக்கிப் பார்த்ததை நாம சதவீதத்துல எழுதுறோம், வித்தியாசம் அவ்வளவுதான்.

சைக்கிள் இழுத்த வீடு

போர் முடிஞ்சு பையம் மறுபடி வண்டி கட்ட ஆரம்பிச்சார். 1947-ல ஒரு விளம்பரப் படம் எடுத்தாங்க. ஆல்ஃபிரட் லெட்டூர்னர்ங்கிற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர், தன் சைக்கிள்ல ஒரு முழு ஏர்ஸ்ட்ரீம் டிரைலரை இழுத்துக்கிட்டுப் போற படம். வண்டி எவ்வளவு லேசு பாருங்கன்னு காட்டத்தான். பிற்பாடு அதுவே கம்பெனியோட சின்னமா ஆயிடுச்சு.

இந்த லெட்டூர்னர் சாதாரண ஆள் இல்ல. 1941-ல ஒரு பந்தயக் காருக்குப் பின்னால கட்டின காத்துத் தடுப்புக்குள்ள ஒட்டிக்கிட்டு சைக்கிள்ல மணிக்கு சுமார் 175 கி.மீ. வேகம் போனவர். காத்து மட்டும் எதிர்க்கலைன்னா மனுஷன் கால் எவ்வளவு தூரம் போகும்னு உலகத்துக்குக் காட்டினவர்.

ஆனா இங்க ஒரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு. லேசான வண்டியை இழுக்க எளிது. அதே லேசான வண்டியைக் காத்து தள்ளுறதும் எளிது. நம்ம ஊர்லயே பார்த்திருப்பீங்க, நெல் மூட்டை ஏத்தின டிராக்டர் டிரைலர் அசையாம வரும். வைக்கோல் ஏத்தின டிரைலர் கண்மாய்க் கரை மேல ஆடி மாசக் காத்துல தொட்டில் மாதிரி ஆடும். எடை குறைவு, பரப்பு அதிகம், உயரமும் அதிகம். அந்த வைக்கோல் மேல நாலு பேர் உட்கார்ந்து வர்றதையும் பார்த்திருப்பீங்க. மேல சொன்ன கணக்கை அவங்களுக்கு ஒரு தடவை எடுத்துச் சொல்றது நம்ம வேலை.

63 வண்டி கிளம்பின பயணம்

பையத்தோட பேர் நிலைச்சதுக்குக் காரணம் தொழிற்சாலை மட்டும் இல்ல. தான் செஞ்ச வண்டியைத் தானே மோசமான ரோட்டுல இழுத்துப் பார்த்தார், வாங்கினவங்களையும் கூடவே கூட்டிட்டுப் போனார்.

1951-ல மெக்சிகோ வழியா மத்திய அமெரிக்காவுக்கு முதல் பெரிய பயணம். 63 டிரைலர் கிளம்புச்சு. சேறு, மலை, பாலமே இல்லாத இடம். கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சது கொஞ்சம் வண்டிதான். கம்பெனி முதலாளியோட கண்ணு முன்னாடியே கம்பெனி வண்டிகள் உடைஞ்சு நிக்குது! வேற யாரா இருந்தாலும் இனிமே இந்த விஷப்பரீட்சை வேண்டாம்னு விட்டிருப்பாங்க. அவர் அடுத்த பயணத்துக்குத் திட்டம் போட்டார். அவருக்கு அந்த ரோடுதான் ஆய்வுக்கூடம். எங்க உடைஞ்சுதோ அங்க பலப்படுத்தினார்.

குன்றக்குடியில இருந்து பழநிக்குத் தை மாசம் நடந்து போற நகரத்தார் காவடியோட போனவங்களுக்கு இந்தப் பயணத்தோட ருசி புரியும். தெரியாதவங்களா கிளம்பி, ஒண்ணாச் சமைச்சு, ஒண்ணாத் தங்கி, சொந்தக்காரங்களாத் திரும்பி வர்ற அனுபவம். பையம் கூட்டத்துலயும் அதேதான் நடந்துச்சு. 1955-ல கனடாவுல நோவா ஸ்கோஷியாவோட கென்ட்வில் ஊர்ல, பயணம் போனவங்க சேர்ந்து அவர் பேர்லயே ஒரு சங்கம் தொடங்கினாங்க.

1959-ல எல்லாத்தையும் விடப் பெரிய பயணம். ஆப்பிரிக்காவோட தெக்கு முனை கேப் டவுன்ல இருந்து வடக்கே கெய்ரோ வரைக்கும். 41 டிரைலர், 106 பேர், 221 நாள். சில இடங்கள்ல ரோடே கிடையாது. எத்தியோப்பியாவுல பேரரசர் ஹைலே செலாசியே அவங்களை வரவேற்றார். கடைசியில பிரமிடுகளுக்கு முன்னால வெள்ளி நிற வண்டிகள் வட்டமா நின்ன படம் இன்னைக்கும் பிரபலம். பையத்தோட வண்டி மட்டும் தங்க நிறம். அப்போ அவருக்கு வயசு 63.

மூணு வருஷத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு. மூளையில கட்டி. 1962 ஜூலை 22 அன்னைக்கு, 66 வயசுல அவர் இறந்தார். அடுத்த வருஷமே அவரோட ஆட்கள் சிங்கப்பூர்ல தொடங்கி ஆசியாவைக் கடந்து ஐரோப்பா வரைக்கும் வண்டியை இழுத்துக்கிட்டுப் போனாங்க. 1969-ல நிலாவுல இருந்து திரும்பின அப்போலோ 11 வீரர்கள் மூணு பேரையும் நோய்த்தொற்று பயத்துல தனியா அடைச்சு வச்சாங்க இல்லையா? அந்த அறை சக்கரம் கழட்டின ஏர்ஸ்ட்ரீம் டிரைலர்தான். ஆட்டு மந்தைக்குப் பின்னால போன கழுதை வண்டியில தொடங்கின கதை, அவர் பார்க்காத ஒரு இடத்துல போய் நின்னுச்சு.

சரி, நமக்கு என்ன?

நம்மள்ல யாரும் நாளைக்கே ஏர்ஸ்ட்ரீம் வாங்கப் போறதில்ல. ஆனா கோ-கார்ட் டீம்ல இருக்கிறவங்க கொஞ்சம் கவனிங்க. காரைக்குடியில இருந்து கார்ட்டை டிரைலர்ல ஏத்தி, ஜீப்புக்குப் பின்னால கட்டி, கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போறோம்னு வச்சுக்கோங்க. திண்டுக்கல் தாண்டி தாராபுரம், பல்லடம் பக்கம் வந்தா ரெண்டு பக்கமும் காற்றாலை. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து பலமா இருக்கிறதாலதான் அங்க காற்றாலை நட்டிருக்காங்க. அந்தக் காத்து உங்க டிரைலரையும் விடாது.

கிளம்புறதுக்கு முன்னாடி: கனமான சாமானை அச்சுக்கு மேல, இல்லாட்டி அதுக்குச் சற்று முன்னால, தரையோட தரையா வைங்க. டூல் பாக்ஸையும் ஸ்டெப்னியையும் இடம் இருக்குன்னு வால்ல தூக்கிப் போடாதீங்க. பின்பாரம் அப்படித்தான் உருவாகும். டயர்ல காத்து சரியான அளவுக்கு இருக்கணும், சாமான் எதுவும் உள்ளே நகரக் கூடாது. மேல தார்ப்பாய் கட்டினா படபடக்காம இழுத்துக் கட்டுங்க, பாய் விரிச்ச படகு ஆகிடும்.

ரோட்டுல: காத்து பலமா இருந்தா வேகத்தைக் குறைங்க. காத்தோட வேகம் உங்க கையில இல்ல, வண்டியோட வேகம் உங்க கையில இருக்கு. மரமும் கட்டடமும் முடிஞ்சு வெட்டவெளி தொடங்குற இடம், பாலம், லாரி முந்துற நேரம், இந்த மூணுலயும் முன்கூட்டியே தயாரா இருங்க.

வால் ஆட ஆரம்பிச்சா: ஸ்டியரிங்கை நேராப் பிடிங்க. ஆட்டத்துக்கு எதிரா வெட்டி வெட்டித் திருப்பாதீங்க, நம்ம கை எப்பவும் ஒரு நொடி பிந்தித்தான் போகும், ஆட்டம் இன்னும் கூடும். ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. டிரைலருக்குத் தனி பிரேக் இருந்தா அதை மட்டும் மெல்லப் பிடிங்க, டிரைலர் பின்னால இழுத்து நேராகும். கார் பிரேக்கை மிதிச்சா டிரைலர் காரை முட்டித் திருப்பிடும். வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை நேராக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆட்டம் அடங்கினதும் ஓரமா நிறுத்தி, பாரத்தைச் சரி பண்ணிட்டுத்தான் மறுபடி கிளம்பணும். காத்து குறையவே இல்லையா? டீக்கடையில உட்காருங்க. போட்டிக்கு ஒரு மணி நேரம் லேட்டாப் போறது அவமானம் இல்ல. அந்தப் பேரை வேகமா சொன்னா வர்ற பயம், அந்த நேரத்துல நல்ல பயம்தான்.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். அடுத்த தடவை டிரைலர்ல கார்ட்டை ஏத்தி முடிச்சதும், சமதளமான தரையில, சக்கரம் உருளாம கட்டை வச்சு, கொக்கியைக் கழட்டி, ஹாஸ்டல்ல யார்கிட்டயாவது இருக்கிற எடை பார்க்கிற மெஷின் மேல அந்த மூக்கை வச்சுப் பாருங்க. மொத்தம் 500 கிலோன்னா மெஷின் 50-க்கும் 75-க்கும் நடுவுல காட்டணும். அதுக்குக் கீழே காட்டினா டூல் பாக்ஸை முன்னால நகர்த்துங்க. அப்புறம் அதே மூக்கைக் கையால ஒரு தடவை தூக்கிப் பாருங்க. ரெண்டு மூணு தடவை பழகிட்டா, மெஷின் இல்லாமலே அந்த அளவு உங்க கைக்கும் தெரிஞ்சுடும், ஊர்ல அந்தப் பெரியவர் கைக்குத் தெரியுற மாதிரி.